கொச்சையும் குறையும்: ஒரு மேற்குறியின் வரலாறு

ஆங்கிலத்தில் ‘அப்பாஸ்ட்ரபி’ என்றொரு குறி இருக்கிறது. எழுத்தின் தலைமாட்டில் தொங்குகிற காற்புள்ளி. இதைச் சரியாகப் போடத் தெரியாதவருக்கு ஆங்கிலமே தெரியாது என்று முடிவு கட்டிவிடும் பழக்கம் நம் கல்லூரிகளிலும் நேர்முகத் தேர்வு அறைகளிலும் வேரோடிப் போயிருக்கிறது. அட, ஒரு காற்புள்ளிக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். பேசும்போது வாய் சில ஒலிகளை விழுங்குகிறது. அந்த விழுங்கலை எழுத்து எப்படி நடத்துகிறது, யார் விழுங்கினால் அதற்கு மரியாதை, யார் விழுங்கினால் அவமானம் என்பது ஒரு சமூக வரலாறு. அந்த வரலாற்றைத்தான் இந்தக் குறியின் வழியாகப் பார்க்க விரும்புகிறேன்.

விதி என்னவோ எளிதுதான். சொற்கள் ஒட்டிச் சுருங்கும்போது எழுத்து எங்கே விழுகிறதோ அங்கே குறி வரவேண்டும். ‘டூ நாட்’ என்பது ‘டோன்ட்’ ஆகும்போது ‘நாட்’டிலுள்ள ‘ஓ’ விழுகிறது. ஆகவே குறி ‘என்’னுக்கும் ‘டி’க்கும் நடுவில் வரும், இரண்டு சொற்கள் ஒட்டிய இடத்தில் வராது. இந்தக் குறிக்கு இன்னொரு வேலை, உடைமையைக் காட்டுவது. ஒருமைப் பெயருக்குப் பின்னால் குறியும் ‘எஸ்’ஸும் போட வேண்டும். ‘எஸ்’ஸில் முடிகிற பன்மைக்குப் பின்னால் குறி மட்டும். வெறும் பன்மைக்குக் குறியே கிடையாது. எல்லோரையும் தடுக்கிவிடுகிற படிக்கட்டு ஒன்று உண்டு: ‘ஐ-டி-எஸ்’. ‘இட் ஈஸ்’, ‘இட் ஹாஸ்’ என்பவற்றின் சுருக்கமானால் குறி உண்டு; ‘அதனுடைய’ என்ற பொருளானால் இல்லை. சந்தேகம் வந்தால் விரித்துப் படித்துப் பார்க்க வேண்டும். ‘இட் ஈஸ்’ என்று விரித்து வாக்கியம் நின்றால் குறி போடலாம், நிற்காவிட்டால் விட்டுவிடலாம். இவ்வளவுதான் சமாச்சாரம். ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

ஆனால் இந்த விதி வானத்திலிருந்து இறங்கியதல்ல. குறியின் பெயர் கிரேக்கம். ‘திரும்பிக்கொண்டது’ என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சகங்களின் பழக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. 1623இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பில் உடைமைப் பெயர்கள் பெரும்பாலும் குறி இல்லாமலேதான் அச்சாகியிருக்கின்றன. பழைய ஆங்கிலத்தின் ‘-எஸ்’ என்னும் வேற்றுமை விகுதி தேய்ந்துபோனதுதான் இன்றைய உடைமை உருபு. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் பலர் அதை ‘ஹிஸ்’ என்பதன் சுருக்கம் என்று நம்பினார்கள். அரசனுடைய முடி ‘அரசன் அவனது முடி’ ஆயிற்று. அரசியுடைய முடிக்கும் ‘அவனது’தானா என்று கேட்டால் பதில் இல்லை. அதாவது இன்று புனிதமாகக் காக்கப்படும் ஒரு வழக்கம் நிலைபெற்றதில் ஒரு தவறான சொற்பிறப்புக்கும் பங்கு உண்டு. ‘அதனுடைய’ என்ற பொருளில் வரும் ‘இட்ஸ்’க்கும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை குறி போட்டு எழுதியவர்கள் ஏராளம். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனின் கையெழுத்தில் இதைப் பார்க்கலாம். இன்றைய தேர்வுத்தாள் திருத்துகிறவர் அவரைச் சிவப்பு மையால் சுழித்திருப்பார்.

சுருக்கங்கள் மீதான வெறுப்புக்கும் தேதி உண்டு. 1710இல் ‘டாட்லர்’ இதழில் ஜோனதன் ஸ்விஃப்ட் சுருக்கங்களைச் சாடி எழுதினார். மறு ஆண்டு ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் ஜோசப் அடிசன் அதே குறையைப் பாடினார். மொழியை இப்படிக் கடித்துக் கடித்துத் தின்கிறார்களே என்பது அவர்கள் கவலை. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டுகளில் ஸ்டெல்லாவுக்கு எழுதிய தனிக்கடிதங்களில் ஸ்விஃப்ட் சுருக்கங்களைத் தாராளமாகவே புழங்குகிறார். வீட்டுக்குள் ஒரு மொழி, வீதிக்கு ஒரு மொழி. பிறகு பிஷப் ராபர்ட் லோத்தின் இலக்கணம் 1762இலும், லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம் 1795இலும் வந்தன. வாணிபத்தால் மேலேறி வந்த நடுத்தர வர்க்கத்துக்குத் ‘சரியான ஆங்கிலம்’ ஒரு சமூக ஏணியாயிற்று. சட்டை போடத் தெரிவது போல, கத்தி முள்கரண்டி பிடிக்கத் தெரிவது போல, குறி போடத் தெரிவதும் ஓர் அடையாளம். இதையெல்லாம் கிண்டல் செய்த பெர்னார்ட் ஷா, ‘டோன்ட்’, ‘வோன்ட்’ எல்லாவற்றையும் குறி நீக்கியே அச்சிட வைத்தார். லூயிஸ் கரோல் எதிர்த்திசையில் போனார். ‘ஷான்ட்’டில் இரண்டு இடத்தில் எழுத்து விழுகிறதே, ஒரு குறி மட்டும் போட்டால் எப்படி என்று வாதிட்டு இரண்டு குறி போட்டார். இரண்டு பேருமே மேதைகள் என்று ஏற்கப்பட்டவர்கள். ஆகவே அவர்கள் செய்தது பிழை ஆகவில்லை, ‘பாணி’ ஆயிற்று. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவருக்கு இந்த வசதி கிடையாது.

ஸ்காட்லாந்தின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஸ்காட்ஸ் மொழியில் எழுதிய 18, 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர்கள் ஆங்கில வாசகருக்காகத் தம் சொற்களில் அப்பாஸ்ட்ரபிகளைத் தூவினார்கள். ஆங்கிலத்தில் ‘ஆல்’ என்பது அவர்கள் வாயில் வெறும் ‘ஆ’. பல நூற்றாண்டுகளாக அந்த ‘எல்’ இல்லாமலேதான் அவர்கள் பேசி வந்தார்கள். ஆனாலும் அச்சில் அதற்கு ஒரு குறி போட்டார்கள், இங்கே ஓர் ஆங்கில எழுத்து காணாமல் போயிருக்கிறது, மன்னிக்கவும் என்பது போல. இதற்கு ‘மன்னிப்புக் கேட்கும் அப்பாஸ்ட்ரபி’ என்றே பின்னால் பெயர் வந்தது. இல்லாத எழுத்தை விடுபட்ட எழுத்தாகக் காட்டும்போது ஒரு மொழி இன்னொரு மொழியின் உடைந்த வடிவமாக ஒப்புக்கொடுக்கப்படுகிறது. 1947இல் எடின்பரோவில் கூடிய கவிஞர்கள் ஸ்காட்ஸ் எழுத்துமுறைக்கு ஒரு கையேடு வகுத்தார்கள். இந்த மன்னிப்புக் குறிகளைக் கைவிடுவது அதில் ஒரு முக்கிய முடிவு.

இனி நம் பக்கம் வருவோம். பென்னாகரம் வட்டத்தில் ஒரு கிராமத்தில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ‘டோன்ட்’ எழுதிப் போட்டதும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “சார், எதுக்கு மேல புள்ளி வைக்கறீங்க? கீழ எடமில்லாமயா?” எழுத்து விழுந்த இடத்துக்கு அது அடையாளம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அப்ப நாம பேசறதுல உழறதுக்கெல்லாம் வைக்கணும்னா நோட்டு பத்தாது சார்.” வகுப்பே சிரித்தது. ஆனால் அவள் சொன்னது இலக்கண ஆசிரியர்கள் எதிர்கொண்டாக வேண்டிய கேள்வி. ‘வந்துவிட்டிருக்கிறான்’ என்பது ‘வந்துட்டிருக்கான்’ ஆகும்போது விழுந்த எழுத்துகளுக்குத் தமிழில் என்ன குறி இருக்கிறது?

அவள் புள்ளி என்று சொன்னது தற்செயலாக இருக்கலாம். ஆனால் தமிழில் அந்தப் பொருளில் ஒரு புள்ளி இருந்தது. தொல்காப்பியம் மெய்யெழுத்துக்குப் புள்ளி சொல்வதோடு நிற்கவில்லை. குறுகி ஒலிக்கும் உகரமாகிய குற்றியலுகரத்துக்கும் புள்ளி உண்டு என்கிறது. மகரக்குறுக்கத்துக்கு உள்ளே பெறும் புள்ளி என்கிறது. ஒலி தேய்ந்திருக்கிறது என்று கண்ணுக்குக் காட்டுகிற எண்ணம் தமிழ் இலக்கணத்தின் முதல் நூலிலேயே இருந்திருக்கிறது. வடமொழிக்கும் ‘அவக்கிரகம்’ என்றொரு குறி உண்டு. சந்தியில் மறைந்த அகரத்துக்கு அடையாளம். ஆனால் ஓலையிலும் கல்லிலும் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. குற்றியலுகரப் புள்ளி நடைமுறையிலிருந்து மறைந்தே போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் அச்சுக்கலை பரவியபோது ஐரோப்பிய நிறுத்தக்குறிகள் தமிழ் உரைநடைக்குள் வந்தன. ஆறுமுக நாவலர் அவற்றை முறையாகக் கையாண்டவர்களில் முன்னோடி. காற்புள்ளி வந்தது, அரைப்புள்ளி வந்தது, கேள்விக்குறியும் மேற்கோள்குறியும் வந்தன. விடுபாட்டைக் காட்டுகிற அப்பாஸ்ட்ரபி மட்டும் வரவில்லை. ஏன்?

எழுதுவதற்குத் தகுதியுள்ள மொழியில் விடுபாடே இருக்கக்கூடாது என்று கருதப்பட்டதுதான் காரணம் என்பது என் வாதம். நம் இலக்கணங்கள் சுருக்கத்தை அறியாதவை அல்ல. நன்றாகவே அறிந்தவை. 13ஆம் நூற்றாண்டு நன்னூலை எடுத்துக்கொள்வோம். முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என்று செய்யுளில் எழுத்து விழுவதை வகைப்படுத்துகிறது. தாமரை ‘மரை’ ஆகலாம், ஓந்தி ‘ஓதி’ ஆகலாம், நீலம் ‘நீல்’ ஆகலாம் என்று உரைகாரர்கள் உதாரணம் தருகிறார்கள். இது கவிஞருக்குத் தரப்பட்ட சலுகை. அடுத்து மரூஉ. மலையமான் நாடு ‘மலாடு’ ஆயிற்று, சோழநாடு ‘சோணாடு’ ஆயிற்று. ஆட்சியாளர்களின் நாடுகள் வாயில் தேய்ந்தால் அது இயல்பு வழக்கில் ஒரு வகை. இதே தேய்மானம் களத்துமேட்டில் நடந்தால்? ‘வந்துட்டான்’ என்றால்? அதற்கு இலக்கணத்தில் இடமில்லை. அதற்கான சொல் ‘கொச்சை’. நிகழ்வது ஒன்றே: நாக்கு எளிமையைத் தேடுகிறது, எழுத்து விழுகிறது. பெயர்கள் மட்டும் மூன்று. கவிஞர் சுருக்கினால் குறை, நாடு சுருங்கினால் மரூஉ, கூலிக்காரர் சுருக்கினால் கொச்சை. ‘குறை’ என்ற சொல்லே இங்கே குற்றமாகவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும்.

நான்காவது ஒரு சுருக்கமும் உண்டு, அது கணக்கருடையது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இந்தத் தருமபுரிச் சீமையில் நிலவரி ஏற்பாட்டை நடத்தினார்கள். பின்னால் ரயத்துவாரி என்று மாகாணமெங்கும் பரவிய முறையின் தொடக்கங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. நிலத்தை உழுதவருக்கும் சர்க்காருக்கும் நடுவில் நின்றது கர்ணத்தின் கணக்கு. ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய் என்று ஒரே கீற்றில் சொற்களைச் சுருக்குகிற குறிகள் தமிழில் இருந்தன. பழைய பத்திரங்களில் ‘ஷை’ என்று வாசிக்கப்படுகிற அந்த மேற்படிக் குறி வழியாக எத்தனை ஏக்கர் கை மாறியிருக்கும்! இந்தச் சுருக்கத்தை யாரும் கொச்சை என்று சொல்லவில்லை. அது தொழில் நுட்பம், பரம்பரைச் சொத்து. 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகள் ஒழிக்கப்பட்டது வரை, அந்தச் சுருக்கத்தை விரிக்கத் தெரிந்தவர் கையில்தான் ஊர் இருந்தது. எழுதத் தெரிந்தவர் சுருக்கினால் அதிகாரம். எழுதத் தெரியாதவர் வாய் சுருக்கினால் அறியாமை.

இந்தப் படிநிலை என்றைக்கும் இப்படியே இருந்ததா? தருமபுரி மண்ணிலேயே வேறு சாட்சியம் இருக்கிறது. தருமபுரி, செங்கம் பகுதிகளில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களில் வட்டெழுத்து வாசகங்கள் உள்ளன. ஆநிரை மீட்கப் போய் மடிந்தவர்களுக்கு எடுத்த கற்கள். ஆண்டுக் கணக்குக்காக அரசனின் பெயரைச் சொல்லும்போது அவை ‘வர்மன்’ என்று பொறிப்பதில்லை. ‘பருமர்’ என்று பொறிக்கின்றன. சிம்மவிஷ்ணு ‘சிங்கவிண்ண பருமர்’ ஆகிறார். காஞ்சியின் செப்பேடுகள் வடமொழியில் அரசனை வானளாவப் புகழ்ந்துகொண்டிருந்த காலம். இங்கே எல்லைப்புறத்தில் மாடு மேய்த்தவர்கள், மாட்டுக்காகச் செத்தவர்கள் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி அவன் பெயரை உருட்டிக் கல்லில் வெட்டினார்கள். மன்னிப்புக் குறி எதுவும் போடவில்லை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் இந்த வட்டாரத்து நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: எழுத்து பேச்சைக் கண்டு வெட்கப்படாத ஒரு காலம் இருந்திருக்கிறது.

ஊர்ப்பெயர்களும் இதையே சொல்கின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் மாவட்டம் இது. பழைய ‘பள்ளி’ கன்னடத்தில் ‘ஹள்ளி’ ஆயிற்று. அந்த ‘ஹ’வும் தமிழ் வாயில் உதிர்ந்து ‘அள்ளி’ ஆயிற்று. நல்லம்பள்ளியும் இங்கே இருக்கிறது, மாரண்டஅள்ளியும் இருக்கிறது. ஒகேனக்கல்லும் அரூரும் தமிழ்ப் பலகையில் உயிரெழுத்தில் தொடங்குகின்றன. ஆங்கிலப் பலகையில் மட்டும் ‘எச்’ உட்கார்ந்திருக்கிறது. லண்டன் தொழிலாளி ‘ஹவுஸ்’ என்பதை ‘அவுஸ்’ என்று சொன்னால் நாவலாசிரியர்கள் அப்பாஸ்ட்ரபி போட்டு அவன் வர்க்கத்தைக் காட்டுவார்கள். இங்கே ‘ஹ’வை உதிர்த்ததற்கு ஊர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நவீன உரைநடைதான் பேச்சை மேற்கோள்குறிக்குள் அடைத்து வைத்தது. கதைசொல்லி செந்தமிழில் நடந்துகொண்டே வருவார். பாத்திரம் வாய் திறந்ததும் இரட்டை மேற்கோளுக்குள் ‘வந்துட்டேனுங்க’ என்பார். மேற்கோள்குறி முடிந்ததும் கதைசொல்லி கையைக் கழுவிக்கொண்டு மறுபடி செந்தமிழுக்குப் போய்விடுவார். தமிழின் மன்னிப்புக் கேட்கும் அப்பாஸ்ட்ரபி இதுதான். இலங்கையில் 1960களின் தொடக்கத்தில் நடந்த மரபுப் போராட்டத்தை நினைவுகூர வேண்டும். முற்போக்கு எழுத்தாளர்கள் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சைக் கதைகளில் கொண்டுவந்தபோது ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர்கள் தூற்றினார்கள். கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் அந்த வசைக்கு நடுவில்தான் எழுதினார்கள். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியே கொண்டுவந்தார். 1992இல் பாமாவின் ‘கருக்கு’ மேற்கோள்குறியைத் தாண்டியது. கதைசொல்லியே பேச்சுமொழியில் பேசினார். செந்தமிழ் நடுவர் யாரும் மேலே உட்கார்ந்திருக்கவில்லை.

மேற்கத்திய தத்துவம் பேச்சை உயர்த்தி எழுத்தைத் தாழ்த்தியது என்றார் தெரிதா. நம் நிலைமை அப்படியே பொருந்தாது. இங்கே எழுத்துக்குப் பீடம், பேச்சுக்குத் திண்ணைக்கு வெளியே இடம். பேச்சு என்றால் உழைப்பவரின் பேச்சு என்றும், எழுத்து என்றால் ஏட்டை வைத்திருந்தவரின் எழுத்து என்றும் சாதி பிரித்து வைத்திருந்ததால் வந்த தலைகீழ் இது. தெரிதாவை மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

இதெல்லாம் இலக்கியப் பிரச்சினை மட்டும்தானா? சுருக்கத்தை அரசு செய்யும்போது பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று, சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள். நடந்ததையே அரசு மறுத்தது. சிபிஐ விசாரணைக்கு 1995இல் உயர் நீதிமன்றம்தான் உத்தரவிட வேண்டியிருந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த வழக்கு நடந்த காலத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276ஆம் பிரிவு, சாட்சியத்தைப் பொதுவாகக் கதைநடையில் பதிய வேண்டும் என்றது. கேள்வியும் பதிலும் இணைந்து ஒரே ஓட்டமாகும். எந்த நீதிமன்றத்திலும் மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி நின்று சொல்வது, அவள் திக்கியது, திரும்பச் சொன்னது, ‘அத எப்பிடிங்க சொல்றது’ என்று நிறுத்தியது எல்லாம் ஒழுங்கான வாக்கியங்களாகித்தான் தாளுக்கு வரும். அது சுருக்கம்தான். ஆனால் இங்கே எழுத்து விழுந்தது என்று சொல்ல ஒரு குறியும் கிடையாது. 31 ஆண்டுகள் அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்னதால்தான் தீர்ப்பு நின்றது. தாளில் விடுபட்டதை அவர்கள் வாய் விடவில்லை.

ஆகவே அப்பாஸ்ட்ரபியை நான் வெறுக்கவில்லை. அதன் அடிப்படை எண்ணம் நேர்மையானது: இங்கே ஒன்று விடுபட்டிருக்கிறது, விரித்துப் படிக்கலாம் என்று வாசகருக்குச் சொல்லிவைப்பது. கெட்டுப்போனது அதை வைத்துக் கட்டிய படிக்கட்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 80 சதவீதம். தருமபுரியில் 68.5; மாநிலத்திலேயே கடைசி. இங்கே முதல் தலைமுறையாக ஆங்கிலம் எழுதும் பிள்ளைகளிடம் போய் ‘குறியெல்லாம் ஏகாதிபத்தியச் சின்னம், விட்டுத் தள்ளு’ என்று சொல்வது நம்மைப் போன்ற படித்தவர்களுக்குச் சுலபம். வேலைக்கு மனுப் போடப்போவது அந்தப் பிள்ளைகள். ஷாவுக்குக் கிடைத்த மன்னிப்பு அவர்களுக்குக் கிடைக்காது. எனவே விதியைச் சொல்லித்தர வேண்டும், ஐயமில்லாமல் சொல்லித்தர வேண்டும். கூடவே அது எப்போது, யாரால், யாரை வெளியே நிறுத்துவதற்காக இறுகியது என்பதையும் சொல்லித்தர வேண்டும். பிழை விட்ட பிள்ளை தன்னை மட்டம் என்று நினைக்காமல், இது பழக வேண்டிய ஒரு பழக்கம் என்று நினைக்க அந்த வரலாறு உதவும்.

தமிழ் வகுப்பிலும் இதே வேலை பாக்கி இருக்கிறது. குறையும் மரூஉவும் நடத்துகிற அதே மணிநேரத்தில் ‘வந்துட்டான்’ என்பதையும் கரும்பலகையில் எழுதி, எந்த எழுத்து எங்கே விழுந்தது, ஏன் விழுந்தது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். அதற்கென்று இலக்கண நூல் எதையும் திருத்த வேண்டியதில்லை. ‘கொச்சை’ என்ற சொல்லை மட்டும் வகுப்பறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் போதும்.